பாறையும் தண்ணீரும் ஒரே பாடம்

(கொழும்பு பொரளையில் குடிசார் பொறியியல் மாணவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களுடைய பாடவிதானத்தை எனக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். முதல் அரையாண்டில் புவிச்சரிதவியல் அறிமுகம், அடுத்த அரையாண்டில் நீரியல் அறிமுகம். இரண்டுக்கும் வெவ்வேறு விரிவுரையாளர், வெவ்வேறு கொப்பி, வெவ்வேறு பரீட்சை. பாறையில் சித்தியடைந்து அந்தக் கொப்பியை மூடிவைத்த பிறகுதான் தண்ணீரைத் திறப்பீர்கள். படிப்பிக்கிற வசதிக்காக அப்படிப் பிரித்திருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் இந்தத் தீவில் கட்டுமானங்கள் சறுக்கிய இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பாறையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சறுக்கியது குறைவு, தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சறுக்கியதும் குறைவு. இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒருவரும் தன்னுடைய வேலை என்று எடுத்துக்கொள்ளாததால் வந்த வினைதான் அதிகம். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தச் சந்திப்பைப் பற்றி.

எங்கேயோ போகவேண்டாம், நாம் இருக்கிற பொரளையிலேயே தொடங்கலாம். பொரளைச் சந்தியும் கனத்தை மயானமும் மேட்டு நிலம். சந்தியிலிருந்து இராஜகிரிய பக்கமாக நடந்தால் வீதி இறங்குவதைக் கால் சொல்லும். கொஞ்ச தூரத்தில் வாய்க்காலும் சதுப்பும் வந்துவிடும். மேட்டில் கபுக் கல், பள்ளத்தில் சேறும் பீட் மண்ணும். கொழும்பின் நிலத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவேன்.

கபுக் எப்படி வந்தது? அடியில் இருப்பது நைஸ் பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படியான மிகப் பழைய உருமாறிய பாறைதான். வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் மட்டும் வயதில் மிகவும் இளைய மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் மேலே கிடக்கிறது. நைஸ் பாறைமேல் இலட்சக்கணக்கான ஆண்டுகளாக வெயிலும் மழையும் பட்டால், கரையக்கூடியதெல்லாம் தண்ணீரோடு போய்விடும். கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சும். செங்காவி நிறத்தில் மிஞ்சிய அதுதான் கபுக். வெட்டும்போது மண்வெட்டிக்கு இணங்கும், காற்றுப் பட்டதும் இறுகும். மேல்மாகாணத்தின் பழைய வீட்டுச் சுவர்கள் பலவும் இந்தக் கல்தான். ஆக, நாம் நிற்கிற இந்த மேடே தண்ணீர் செய்த வேலை. புவிச்சரிதவியல் கொப்பியின் முதல் பக்கத்திலேயே நீரியல் வந்துவிட்டது.

அத்திவாரம் போடுகிறவருக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. பாறை மேலிருந்து கீழே ஒரே சீராக உக்குவதில்லை. வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கிய இடம் ஆழமாக உக்கிப்போகும், இறங்காத இடம் பெரிய உருண்டைக் கல்லாக மண்ணுக்குள் மிஞ்சி நிற்கும். துளையிடுகிறவர் அந்த உருண்டையில் முட்டியதும் “பாறை வந்துவிட்டது” என்று எழுதிவிட்டு இயந்திரத்தைக் கழற்றினால், அந்தக் கட்டடத்தின் பைல் ஒன்று காற்றில் தொங்காத குறையாக நிற்கும். பாறை தட்டுப்பட்ட பிறகும் சில மீற்றர் துளைத்துப் பார்க்கச் சொல்லுவது காசு பிடுங்குவதற்காக அல்ல. ஒரே காணியில் ஒரு மூலைப் பைலும் மறு மூலைப் பைலும் நீளத்தில் வெகுவாக வேறுபடுவது கொழும்பில் சாதாரணம்.

இனிப் பள்ளத்துக்கு வாருங்கள். மண் பரிசோதனையில் எஸ்.பி.டி. என்று ஒன்று படிப்பீர்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 45 சென்ரிமீற்றர் இறக்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவது. முதல் 15 சென்ரிமீற்றரை விட்டுவிடுவோம், கடைசி 30 சென்ரிமீற்றருக்கான அடிகள்தான் கணக்கு. இறுகிய கபுக்கில் 30, 40 என்று வரும். கொலன்னாவைச் சதுப்பின் பீட் மண்ணில் சில இடங்களில் சுத்தியலைத் தூக்கவே வேண்டியதில்லை. குழாயோடு இணைத்த கோலைப் பிடித்த கையை எடுத்தால் தன் பாரத்திலேயே இறங்கிவிடும். அறிக்கையில் சைபர் என்று இருக்கும். அந்தச் சைபரைப் பார்த்ததும் ‘மண் பலவீனம்’ என்று நினைப்பீர்கள். சரிதான். ஆனால் அதை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம்: அங்கே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். முழுதும் உக்காத தாவரமும், காய்ந்த எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரும் சேர்ந்ததுதான் பீட். அதன்மேல் பாரத்தை வைத்தால் அந்தத் தண்ணீர் வெளியே போகவேண்டும், அது போகிற வேகத்தில்தான் நிலம் தாழும். தென் அதிவேகப் பாதை 2011இலும் கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இலும் திறக்கப்பட்டன. இரண்டும் இப்படியான சதுப்புகளைத் தாண்டித்தான் போகின்றன. அங்கே செய்த வேலையில் பெரும்பகுதி வீதி போடுவது என்பதைவிடத் தண்ணீரை வெளியேற்றுவது என்றே சொல்லலாம்.

வெளியேற வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உதாரணம் இருக்கிறது. மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினம். ஆண்டுக்கணக்காகக் கொட்டிய குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குப்பை சரிந்தது என்றுதான் பத்திரிகைகள் எழுதின. குடிசார் பொறியியல் மாணவர் அதன் அடியையும் பார்க்கவேண்டும். மேலே குப்பையின் பாரம், அதற்குள் தேங்கிய மழைநீர், கீழே அந்தப் பாரத்தைத் தாங்கமுடியாத சதுப்பு நில மென்மண். மூன்றும் சேர்ந்தன.

இந்த இடத்தில் ஒரே ஒரு கோட்பாட்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 1920களில் பொறியியலாளர் கார்ல் தெர்சாகி தெளிவாக்கியது. மண்ணின்மேல் வைக்கும் பாரத்தை மண்துகளும் அதன் இடையிலுள்ள தண்ணீரும் பங்கு போட்டுத் தாங்குகின்றன. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துகிற அழுத்தம்தான் மண்ணுக்குப் பலம். தண்ணீரின் அழுத்தம் கூடினால் துகள்களின் பங்கு குறைகிறது, பலமும் குறைகிறது. மழைக்காலத்தில் மலை சரிவது இதனால். மறுபக்கமும் உண்டு. தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் அதுவரை தண்ணீர் தாங்கிய பங்கு துகள்களின்மேல் விழும், நிலம் அமுங்கும். வெள்ளவத்தையிலோ கிருலப்பனையிலோ ஒருவர் அடுக்குமாடிக்கு நிலக்கீழ்த் தளம் தோண்டுகிறார், குழி காயவேண்டும் என்று இரவு பகலாகப் பம்ப் ஓடுகிறது. அயல் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுகிறது. “நாங்கள் உங்கள் காணியைத் தொடவே இல்லையே” என்பார் கொந்தராத்துக்காரர். உண்மைதான், தொடவில்லை. அயல் வீட்டின் கீழிருந்த தண்ணீரை எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

இனி நான் அதிக நேரம் செலவழிக்க விரும்பும் கதைக்கு வருகிறேன். சமனலவெவ.

பலாங்கொடைக்குக் கிழக்கே, பெலிஹுல்ஓயா வளவை கங்கையோடு சேரும் இடத்துக்குக் கிட்ட, சுமார் 110 மீற்றர் உயரத்தில் ஒரு அணை. கல்லை நிரப்பி, நடுவில் களிமண் வைத்துக் கட்டியது. மின்நிலையத்தின் கொள்ளளவு 120 மெகாவாற். கட்டுமானம் 1980களின் பிற்பகுதியில் தொடங்கி 1992இல் முடிந்தது. அணையில் பிழை இல்லை. இன்றைக்கும் உறுதியாகத்தான் நிற்கிறது. பிரச்சினை அணைக்குப் பக்கத்தில், வலது கரை மலையில்.

மத்திய மலைநாட்டுப் பாறைகளுக்கிடையே பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டைபட்டையாக ஓடுகிறது. மாத்தளை, திகன, பலாங்கொடை என்று பல இடத்தில் காணலாம், அதை எரித்துச் சுண்ணாம்பு எடுக்கும் சூளைகளையும் வழியில் பார்த்திருப்பீர்கள். மழைநீரில் காற்றின் காபனீரொட்சைட்டு கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். முதலில் தலைமுடி அளவு வெடிப்பு, பிறகு விரல் நுழையும் இடைவெளி, காலப்போக்கில் ஆள் நுழையும் குகை. சமனலவெவவின் வலது கரையில் இப்படிக் கரைந்துபோன சுண்ணாம்புக்கல் இருந்தது.

துளையிட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். அணை கட்டத் தொடங்குவதற்கு மிக முன்பிருந்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. துளையிட்டு எடுக்கிற கோர் எப்படி இருக்கும் என்று உங்களில் பலர் இன்னும் கண்டிருக்கமாட்டீர்கள். குழலிலிருந்து தள்ளிய புட்டைப்போல உருளையாக வரும், அதை வந்த ஒழுங்கிலேயே நீண்ட மரப்பெட்டியில் அடுக்கிவைப்பார்கள். நல்ல பாறையென்றால் முழம் முழமாக நிற்கும். நொறுங்கிய பாறையென்றால் தூளாக வரும். ஒன்றரை மீற்றர் துளைத்து அரை மீற்றர் மட்டுமே கிடைத்தால் மிச்சம் ஒரு மீற்றர் எங்கே? பெட்டியில் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுவார்கள். கையில் கிடைத்த அழகான உருளைகளைப் படம்பிடிப்பவர்கள் அதிகம், மரக்கட்டையைப் படம்பிடிப்பவர் குறைவு. சுண்ணாம்பு நிலத்தில் எனக்கு முக்கியமானது அந்த மரக்கட்டைதான்.

இன்னொன்றும் உண்டு. துளைக்கும்போது துருவும் முனை சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விடுவார்கள். அது சேறோடு மேலே திரும்பி வரும். சில ஆழங்களில் திரும்பாது. எவ்வளவு விட்டாலும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ‘தண்ணீர் திரும்பவில்லை’ என்று துளைப்பவர் தன் தினக்குறிப்பில் எழுதுவார். அவர் பட்டதாரி அல்ல, கையெழுத்தும் கிறுக்கலாக இருக்கும். பெரும்பாலும் அந்தக் குறிப்பு இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் எங்கேயோ மறைந்துவிடும். அந்த ஒரு வரியில் புவிச்சரிதவியலும் நீரியலும் கைகோத்து நிற்கின்றன. உள்ளே ஒரு வழி இருக்கிறது என்று பாறை சொல்லவில்லை, தண்ணீர்தான் சொல்கிறது.

மூன்றாவது அடையாளம் நிலக்கீழ் நீர்மட்டம். சாதாரணமாக ஆற்றிலிருந்து மலைப்பக்கம் போகப் போக அது உயரும். மலைக்குள் தேங்கிய மழைநீர் மெதுவாக ஆற்றை நோக்கிக் கசிவதால் அப்படி. அப்படி உயர்ந்து நிற்கும் நீர்மட்டம் நீர்த்தேக்கத்துக்கு இயற்கையான மதில். சமனலவெவவின் வலது கரையில் அந்த மதில் இல்லை. நீர்மட்டம் மலைக்குள்ளும் தாழ்ந்தே கிடந்தது. இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் மலைக்குள் தண்ணீர் தங்கவில்லையென்றால் அது எங்கேயோ எளிதாக ஓடிப்போகிறது என்று அர்த்தம். மழை ஓடிப்போகிற வழியால் நீர்த்தேக்கமும் ஓடிப்போகும்.

கட்டுமானம் நடக்கும்போதே இந்த ஆபத்து தெரிந்துவிட்டது. வலது கரைக்குள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் சுரங்கம் தோண்டி, அதிலிருந்து வரிசையாகத் துளைகள் இறக்கி, சீமெந்துக் கூழைச் செலுத்தி நிலத்துக்குள் ஒரு திரையே கட்டினார்கள். திரைக்கு அடியும் உண்டு, முடிகிற ஓரமும் உண்டு. தண்ணீர் இரண்டையும் தேடிப் பார்க்கும். நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. 1992 ஒக்டோபர் 22ஆம் திகதி, அணைக்குக் கீழே சில நூறு மீற்றர் தள்ளி, வலது கரையில் மலை பிய்த்துக்கொண்டது. விநாடிக்கு சுமார் 7 கன மீற்றர் தண்ணீர் மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு வந்தது. பிறகு பாய்ச்சல் தணிந்தது, ஆனால் நிற்கவில்லை. 1998இல் நீர்த்தேக்கத்தில் படகுகளை விட்டு, தண்ணீர் உட்புகும் இடம் என்று கருதிய பகுதியில் களிமண்ணைக் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு குறைந்தது, அடைபடவில்லை.

விநாடிக்கு 2 கன மீற்றர் என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 1,72,800 கன மீற்றர். ஆண்டொன்றுக்கு சுமார் 6 கோடி 30 இலட்சம் கன மீற்றர். நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவே சுமார் 27 கோடி 80 இலட்சம் கன மீற்றர்தான். ஒவ்வோர் ஆண்டும் கிட்டத்தட்ட கால்பங்கு குளம் மின்பிறப்பாக்கியைப் பார்க்காமலே போகிறது.

இத்தோடு கதையை முடித்தால் அது தோல்விக் கதையாகிவிடும். ஆனால் அணைக்குக் கீழே கல்தொட்டையில் பரம்பரையாக வளவை கங்கைத் தண்ணீரில் நெல் விதைக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். மின்நிலையத்துக்கான தண்ணீர் சுமார் 5 கிலோமீற்றர் சுரங்கத்தால் வேறு பக்கமாகப் போவதால் அவர்களுடைய வாய்க்காலுக்கு வரவேண்டியது நின்றுபோகும் நிலை. கசிந்த தண்ணீர் திரும்ப ஆற்றில் விழுந்து அவர்களிடம் போகிறது. கசிவு முழுவதும் அடைபட்டிருந்தால் அந்த அளவில் ஒரு பங்கையாவது மின்சார சபை அணையிலிருந்து திறந்துவிட வேண்டி வந்திருக்கும். ஆகவே ‘வீணாய்ப் போன தண்ணீர்’ என்று கொழும்பில் எழுதுகிற கணக்கும் கல்தொட்டையில் எழுதுகிற கணக்கும் ஒன்றல்ல. கசிவை மன்னிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கீழே வயல் இருப்பதைத் திட்டத்தின் நீர்க்கணக்கு முதலிலேயே சேர்த்திருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பக்கக் கதை ஒன்று. அந்த நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த பகுதியைத் தொல்லியலாளர்கள் ஆராய்ந்தபோது, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்பு உருக்கும் உலைகள் வெளிப்பட்டன. துருத்தி வைத்து ஊதவில்லை, தென்மேல் பருவக்காற்றே உலையை ஊதியிருக்கிறது. அவர்களில் ஒருவரான கில் ஜூலெஃப் 1996இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தத் தொழிலாளர் எந்தச் சரிவில் எந்த மாதத்தில் காற்று எவ்வளவு அடிக்கும் என்று அறிந்து வைத்திருக்கிறார்கள். இடத்தை வாசிப்பது என்றால் இதுதான்.

பலாங்கொடை என்றதும் இன்னொருவரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகராகத்தான் உங்களுக்குத் தெரியும். இலங்கையின் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளர் அவர். இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டமும் புவிச்சரிதவியல் வேலைக்குத்தான். பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த தோரியனைட் என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. தண்ணீர்ப் பக்கத்தில் நீர்ப்பாசனத் திணைக்களத்துச் சண்முகம் ஆறுமுகம். இலங்கையின் நீர்வளம் பற்றி 1969இல் அவர் எழுதிய ஆங்கில நூல் கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். குளம் குளமாக விவரம் இருக்கும்.

சமனலவெவவில் தண்ணீர் வெளியே போனது. உமா ஓயாத் திட்டத்தில் உள்ளே வந்தது. பண்டாரவளைப் பக்கம் மலையைக் குடைந்துகொண்டு போன சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் வெடிப்பு வழியே தண்ணீர் பாய்ந்தது. பாறையின் இடுக்குகளில் இருந்த நிலக்கீழ் நீர் சுரங்கத்தால் வடிந்தது. மேலே கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு. 2017இல் பண்டாரவளை வீதிகளில் மக்கள் திரண்டார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது, அதுவும் 120 மெகாவாற்தான். சற்று முன் சொன்ன அயல் வீட்டுச் சுவர் நினைவிருக்கிறதா? அதே பௌதிகம், ஒரு நகரத்தின் அளவில்.

உலகத்தில் இதைவிடப் பயங்கரமானவை உண்டு. இத்தாலியின் வயோந்த் அணையில் 1963 ஒக்டோபர் 9ஆம் திகதி இரவு, நீர்த்தேக்கத்துக்குள் ஒரு மலைச்சரிவே வழுக்கி விழுந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டிப்போய் சுமார் 2,000 பேரைக் கொன்றது. அணை அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. கொங்கிரீட் வடிவமைப்புக்கு நூற்றுக்கு நூறு போடலாம்.

மலையகத்தைச் சேர்ந்த மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலை சரிந்து, லயன் வீடுகள் இருந்த இடமே தெரியாமல் போனது. செங்குத்தான மலைமுகத்தின் அடிவாரத்தில், மேலிருந்து காலங்காலமாக உருண்டு வந்த கல்லும் மண்ணும் தங்கிய சரிவு அது. பார்வைக்கு மெத்தென்று, தேயிலைக்கு ஏற்றதாக, லயன் கட்ட வசதியாக இருக்கும். பழைய சரிவின் குவியல்மேல்தான் வீடு நிற்கிறது என்று நிலத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும். அங்கே ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த நிறுவனம் இன்று மழையை வைத்து எச்சரிக்கை விடுகிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார் நிலை, 150 என்றால் வெளியேறு. இந்த எண்களைப் பாடமாக்கச் சொல்லவில்லை. மழைமானியை வைத்து மலையின் பலத்தை மதிப்பிடுகிறார்களே, அதைக் கவனியுங்கள். தெர்சாகியின் கோட்பாடு தோட்டத்து மழைமானிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறுகிறவர் எங்கே போவது என்பது பொறியியல் கேள்வி அல்ல என்று சிலர் சொல்லுவார்கள். காணி கொடுக்காமல் கொடுக்கும் எச்சரிக்கை அரை எச்சரிக்கை என்பது என் கருத்து.

மீண்டும் கொழும்புக்கு. வெள்ளத்தைப் பற்றி இரண்டு கணக்கு மட்டும். ஒரு சதுர கிலோமீற்றர் நிலம். மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை. மரமும் மண்ணும் சதுப்புமாக இருந்தால் பத்தில் மூன்று பங்கு ஓடிவரும் என்று வையுங்கள், உச்சப் பாய்ச்சல் விநாடிக்கு சுமார் 4 கன மீற்றர். அதே நிலத்தைக் கொங்கிரீட்டாலும் தகரத்தாலும் மூடினால் பத்தில் ஒன்பது பங்கு, 12 கன மீற்றருக்கு மேல். மழை மாறவில்லை, வாய்க்காலும் மாறவில்லை. 1992 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பரில் ஓரிரவு மழையில் தியவன்னா ஓயா நடுவிலிருக்கும் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. கொழும்பின் மழைநீர் கடலுக்குப் போகிற வாய்கள் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. அலை மணலைக் கொண்டுவந்து அவற்றை அடைக்கவும் செய்யும். அந்த வாய்கள் விழுங்கி முடிக்கும்வரை தண்ணீரை வைத்திருக்க வேண்டியது சதுப்பு நிலம். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. அங்கீகாரம் கிடைத்த பிறகும் சதுப்பில் லொறியில் மண் கொண்டுவந்து கொட்டுவது நின்றதாகத் தெரியவில்லை.

இரண்டாவது கணக்கு. ‘நூறாண்டு வெள்ளம்’ என்று படிப்பீர்கள். ஒருமுறை வந்தால் இன்னும் நூறு ஆண்டு வராது என்று அமைச்சர்கள் மட்டுமல்ல, பொறியியலாளர் சிலரும் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கினால், கடன் முடிவதற்குள் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது காணும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நான்கில் ஒன்று.

களனி கங்கையின் நீர்மட்டத்தை கிராண்ட்பாஸ் நாகலகம் வீதி அளவுகோலில் இன்றும் அடிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். 1947இல் 12 அடியைத் தாண்டியது. 1989இல் 9 அடியை. 2016 மே மாதத்தில் 7 அடியைத்தான் தாண்டியது. ஆனாலும் கொலன்னாவையும் கடுவலையும் பட்ட பாடு தெரியும். அளவுகோல் குறைவாகக் காட்டியது, சேதம் குறையவில்லை. இடைப்பட்ட காலத்தில் வெள்ளச் சமவெளிக்குள் வீடுகள் வந்துவிட்டன, ஆற்றின் அடியும் மாறிவிட்டது. கட்டடங்களுக்காக மணல் அள்ளி அள்ளிக் களனியின் கீழ்ப்பகுதிப் படுகை கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கியது. விளைவு, வரட்சியில் உப்புநீர் அடியால் ஊர்ந்து மேலேறுகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலேயை உப்பு எட்டத் தொடங்கியபோது ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பு வைக்கவேண்டி வந்தது. நாம் குழைக்கிற கொங்கிரீட்டும் நாம் குடிக்கிற தண்ணீரும் ஒரே படுகையில் போட்டி போட்ட கதை இது.

உப்பைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நான் நீட்டி விளக்கத் தேவையில்லை. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர், கனமான உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் இருந்தால் கீழே சுமார் நாற்பது அடி இருக்கும் என்பது பழைய விதி. திருப்பி வாசித்தால்தான் அதன் கூர்மை தெரியும்: இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால் கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றிலும் ஆழம் போகப் போகத் தண்ணீர் உவர்ப்பதற்குக் காரணம் வேறில்லை.

உங்களுடைய விரிவுரையாளரோடு பேசி ஒரு வேலைக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறேன், அதைச் சொல்லி அமர்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு கிணற்றைத் தெரிந்தெடுங்கள். ஊர் வீட்டுக் கிணறாக இருக்கலாம், கோயில் கிணறாக இருக்கலாம், தினமும் இறைக்காத கிணறென்றால் நல்லது. கட்டின் ஓரிடத்தில் பூச்சால் ஒரு குறி போட்டு, அந்தக் குறியிலிருந்துதான் எப்போதும் அளக்கவேண்டும். நுனியில் ஈயக் குண்டு கட்டிய அளவு நாடா போதும், நாடாவில் சோக் தடவினால் ஈரம் பட்ட இடம் தெளிவாகத் தெரியும். கிழமைக்கு ஒருநாள், காலையில், மோட்டர் போடுவதற்கு முன். பக்கத்தில் மழையையும் குறியுங்கள், மழைமானி இல்லாவிட்டால் நேர்ச்சுவர்ப் போத்தல் ஒன்றை வெட்டி வைக்கலாம். கிணற்றுச் சுவரில் என்ன தெரிகிறது என்று மேலிருந்து கீழே எழுதுங்கள்: மண்ணா, கபுக்கா, கல்லா, எந்த ஆழத்தில் மாறுகிறது, கல்லின் இடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த இடுக்கால் நீர் சொட்டுகிறது. ஒரு வருடம் முடிந்ததும் மழையையும் நீர்மட்டத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். மழைக்கும் மட்டம் ஏறுவதற்கும் இடையில் சில நாள் தாமதம் வரலாம், சில வாரமும் வரலாம். ஏன் அந்தத் தாமதம் என்பதைச் சுவரைப் பார்த்து விளக்கி இரண்டு பக்கம். இரண்டு பாடத்துக்கும் அந்த ஒரே கொப்பியைத்தான் புள்ளிக்கு எடுக்கப்போகிறார்கள்.